துணைப் பாடமாகக் கதை எழுதுதல்

கடல் கடந்து சென்ற நம்மவரின் பிள்ளைகள் பல்கலைக்கழகம் புகும் பருவத்தை அடைந்துவிட்டனர். அதனால், கனடாவிலிருந்து வரும் தொலைபேசி அழைப்புகளில் இதுகாறும் நாம் கேட்டறியாத சில சொற்கள் அடிபடுகின்றன. அவற்றுள் ஒன்று ‘மைனர்’ என்பது. மைனர் என்றவுடன் நம் ஊர்ப் பெரியவர்களின் மனக்கண்முன் தோன்றுபவர், கழுத்திலே தடித்த சங்கிலியும் தோளிலே பட்டுச் சால்வையுமாகத் தேர்த்திருவிழாவில் உலாவிவரும் செல்வர் வீட்டு இளைஞர். பல்கலைக்கழகத்தார் கூறும் மைனர் அவரல்லர்.

வட அமெரிக்காவில் பட்டப்படிப்பைத் தொடங்கும் மாணாக்கர் ஒரு துறையை முதன்மைப் பாடமாகத் தெரிந்துகொள்வர். அதனோடு வேறொரு துறையிற் சில வகுப்புகளை ஒழுங்கு முறையாகப் படித்து முடித்தால், அத்துறை அவருடைய பெறுபேற்றுப் பத்திரத்தில் துணைப் பாடமாகப் பதியப்படும். இத்துணைப் பாடமே மைனர். ஐக்கிய அமெரிக்காவில் நான்காண்டுப் பட்டத்துக்குப் பொதுவாக 120 அலகுகள் வேண்டும். துணைப் பாடத்துக்கு வேண்டியவை பெரும்பாலும் 15 முதல் 21 வரையான அலகுகளே. அதாவது, ஐந்து முதல் ஏழு வகுப்புகள். இரசாயனம் படிப்பவர் சங்கீதத்தையும், பொறியியல் படிப்பவர் தத்துவத்தையும் இவ்வாறு துணையாகக் கொள்ளலாம். கதை, கவிதை, கட்டுரை முதலியவற்றைத் தாமே எழுதிப் பழகும் ‘ஆக்க எழுத்து’ என்னும் பாடமும் அத்தகைய துணைப் பாடங்களுள் ஒன்று.

என்னோடு ஒரே வகுப்பில் உயர்தரம் படித்த நண்பர் ஒருவர் ஸ்காபுறோவில் வசிக்கிறார். அவருடைய மகள் அங்குள்ள பல்கலைக்கழகமொன்றில் உளவியல் படிக்கிறாள். இரண்டாம் ஆண்டில் ஆக்க எழுத்தைத் துணைப் பாடமாக எடுக்கப்போவதாக அவள் அறிவித்த அன்று, இங்கே நள்ளிரவு என்பதையும் மறந்து நண்பர் என்னை அழைத்தார்.

“மச்சான், கதை எழுதுறதுக்கும் காசு கட்டிப் படிக்கிறதோ? உன்ரை பள்ளிக்கூடத்திலை ஒரு கட்டுரைக்குப் பத்துப் புள்ளிதானே போடுவாய்?”

நியாயமான கேள்வி. இதனை நண்பர் மட்டும் கேட்கவில்லை. ஆக்க எழுத்தைக் கற்பிக்கத் தொடங்கிய நாள்முதல் அந்நாடுகளின் அறிஞர்களே இதனைக் கேட்டு வருகின்றனர். பயிற்சியாற் கலைஞன் உருவாவானா, பிறவியிலேயே அமைவானா என்ற பழைய வழக்கில் இன்றளவும் தீர்ப்புக் கிடைக்கவில்லை. எனது எண்ணத்தைக் கூறுவதானால், எழுத்தாளரை உண்டாக்கும் முதன்மைப் படிப்பாக இதனைக் கொள்ளுவதிலும் பார்க்க, வேறொரு படிப்பின் அருகே சிறிய அளவில் வைத்துக் கற்பதே இப்பாடத்தின் இயல்புக்குப் பொருத்தமானது. ஏன் அவ்வாறு நினைக்கிறேன் என்பதை விளக்குவதற்கு முன், இப்பாடம் வந்த வழியைச் சிறிது நோக்குவோம்.

ஹாவார்ட் பல்கலைக்கழகத்தில் 1880களிற் பரட் வென்டெல் என்னும் ஆசிரியர் தம் மாணாக்கரை நாளுக்கொரு சிறு பக்கம் எழுதித் தருமாறு பணித்தார். இலக்கண விளக்கமன்று, மேற்கோள் நிறைந்த ஆய்வுமன்று. அன்றன்று கண்டதை அன்றன்று எழுதுவது. அதே பல்கலைக்கழகத்தில் ஜோர்ஜ் பியர்ஸ் பேக்கர் நாடகம் எழுதும் வகுப்பொன்றை நடத்தினார். 1914இல் அவ்வகுப்பிற் சேர்ந்தவர்களுள் ஒருவரான யூஜீன் ஓ நீல் பின்னர் 1936இல் நோபல் பரிசு பெற்றார். பேக்கரின் அந்த அமைப்புக்குப் பெயர் ‘47 பட்டறை’. இரும்படிக்கும் இடத்துக்கும் மரவேலை செய்யும் இடத்துக்கும் உரிய சொல்லை எழுத்துக்கு வழங்கும் வழக்கம் இவ்வாறு வேரூன்றியது.

அயோவா மாநிலப் பெயரைச் சொன்னால் சோளக் காடுகளே நினைவுக்கு வரும். அங்குள்ள பல்கலைக்கழகம் 1922இல் ஒரு துணிவான முடிவை எடுத்தது: உயர் பட்டத்துக்கு ஆய்வுரைக்குப் பதிலாகக் கதையையோ கவிதையையோ சமர்ப்பிக்கலாம் என்றது. 1936இல் அங்கே எழுத்தாளர் பட்டறை முறையாக நிறுவப்பட்டது. ஜோர்ஜியா மாநிலத்துப் பெண்ணாகிய ஃபிளனரி ஓ கொனர் பத்திரிகைத்துறை படிக்கவென்று 1945இல் அங்கு சென்றார். பட்டறையின் தலைவரான போல் எங்கிளைக் கண்டு அவர் பேசியபோது, அவருடைய தென்னாட்டு உச்சரிப்பு எங்கிளுக்குச் சற்றேனும் விளங்கவில்லை. சொல்ல வந்ததை ஒரு தாளில் எழுதித் தருமாறு கேட்டார் என்பர். பட்டறையிற் சேர விரும்புவதாக அவர் எழுதிக் கொடுத்தார். பேச்சு விளங்காத அப்பெண்ணே அந்நாட்டின் தலைசிறந்த சிறுகதையாசிரியருள் ஒருவரானார்.

ஸ்ரான்போர்ட்டில் 1946இல் வாலஸ் ஸ்ரெக்னர் இத்தகைய படிப்பைத் தொடக்கினார். அதே ஆண்டிற் கனடாவின் பிறிட்டிஷ் கொலம்பியாப் பல்கலைக்கழகத்தில் எர்ல் பேர்னி என்னும் கவிஞர் ஆக்க எழுத்து வகுப்பை ஆரம்பித்தார். இங்கிலாந்து சற்று அமைதியாக இருந்து, 1970இலேதான் கிழக்கு அங்லியாப் பல்கலைக்கழகத்தில் இதனை ஏற்றது. அங்கே 1980இற் படிப்பை முடித்தவர் கசுவோ இஷிகுரோ. அவருக்கு 2017இல் நோபல் பரிசு கிடைத்தது.

நமது தமிழ் எழுத்துக்கும் அயோவாவுடன் ஓர் உறவுண்டு. எங்கிளும் அவர்தம் துணைவியாரான நியே குவாலிங்கும் 1967இல் உலக எழுத்தாளர்களை அழைத்துச் சில மாதம் தங்கவைக்கும் திட்டமொன்றை அங்கே உருவாக்கினர். 1973இல் அதிற் கலந்துகொண்ட அசோகமித்திரன், அவ்வனுபவத்தை ‘ஒற்றன்!’ என்னும் நூலாக ஆக்கினார். அது வகுப்பன்று, தங்குமடம் போன்றதொரு ஏற்பாடு. எனினும், எழுத்தாளர் பலரை ஓரூரில் ஒன்றாக வைத்தால் என்ன நிகழும் என்பதை நகைச்சுவையோடு அறிய விரும்புவோர் அந்நூலைத் தேடிப் படிக்கலாம்.

பரிசுகளின் பட்டியலைக் கேட்டு எவரும் மயங்கிவிட வேண்டாம். அப்படிப்புகளில் ஆண்டுதோறும் சேருவோர் ஏராளம். நூலாசிரியராக வாழ்பவர் மிகச் சிலர். பரிசு பெற்றவர் அவ்வகுப்புக்குப் போகாதிருந்தாலும் பெற்றிருப்பாரோ என்ற ஐயத்தையும் யாராலும் நீக்க முடியாது. ஆகவே, வகுப்பறையின் உள்ளே நடப்பதைப் பார்ப்போம்.

பட்டறை வகுப்பில் இருப்பவர் பெரும்பாலும் பன்னிரண்டு முதற் பதினைந்து பேர். மேசைகளை வட்டமாகப் போட்டிருப்பர். இந்தக் கிழமை கதை கொடுக்க வேண்டியவர் யார் என்பது பருவத் தொடக்கத்திலேயே தீர்மானிக்கப்பட்டிருக்கும். அவர் தமது கதையை ஒரு கிழமைக்கு முன்னரே எல்லாருக்கும் கொடுத்துவிட வேண்டும். மற்றவர்கள் அதனை இருமுறை படித்து, ஓரங்களிற் குறிப்பெழுதி, எழுதியவருக்கு ஒரு பக்கக் கடிதமும் எழுதிக்கொண்டு வருவர். வகுப்பில் அரைமணி அல்லது முக்கால் மணி நேரம் அக்கதையைப் பற்றியே பேச்சு. எது மனதில் நின்றது, எங்கே கவனம் தளர்ந்தது, எந்தப் பாத்திரத்தை நம்ப முடியவில்லை என்று ஒவ்வொருவரும் கூறுவர். ஆசிரியர் அதிகம் பேசுவதில்லை. எழுதியவரோ, பழைய முறைப்படி, வாயே திறக்கலாகாது. “நான் சொல்ல நினைத்தது அதுவல்ல” என்று அவர் எழுந்து வாதாட இடமில்லை. நூல் வெளியானபின் ஒவ்வொரு வாசகரின் வீட்டுக்கும் சென்று நாம் விளக்கவுரை கூறிக்கொண்டிருக்க முடியாதன்றோ!

இதனைப் படிக்கும் தமிழாசிரியர் எவருக்கும் நம்முடைய அரங்கேற்றம் நினைவுக்கு வரும். அவையோர் முன் நூலைப் படித்து, தடைகளுக்கு விடைகூறி, ஒப்புதல் பெற்ற பின்னரே நூல் உலகிற் செல்லும் என்பது நம் வழக்கு. நூலுக்குரிய பத்துக் குற்றத்தையும் பத்து அழகையும் நன்னூலார் வகுத்துவைத்தார். வாதிலே தோற்ற புலவரின் காதை வில்லிபுத்தூரார் குறடு கொண்டு அறுத்தார் என்றொரு கர்ணபரம்பரைக் கதையும் உண்டு. அயோவாவில் எவரும் காது அறுத்ததாகத் தெரியவில்லை. ஆனால் ஒரு வேற்றுமையைக் கவனிக்க வேண்டும். அரங்கேற்றம் முடிந்த நூலுக்கு. பட்டறை முடியாத கதைக்கு. அங்கே தீர்ப்பு, இங்கே திருத்தம்.

திருத்தம் என்பதே இப்படிப்பின் உயிர்நிலை. நம் பள்ளிகளில் மாணவன் கட்டுரை எழுதுகிறான். நாம் சிவப்பு மையினாற் சுழித்துப் புள்ளியிட்டுத் திருப்பிக் கொடுக்கிறோம். அவன் புள்ளியைப் பார்த்துவிட்டுக் கொப்பியை மூடுகிறான். அக்கட்டுரை அத்துடன் இறந்துவிடுகிறது. நாற்பது பிள்ளைகளை வைத்துக்கொண்டு, பாடத்திட்டத்தையும் முடிக்க வேண்டிய ஆசிரியர் வேறென்ன செய்வார் என்பதும் உண்மையே. பட்டறை வகுப்பில் முதற்படிக்குப் பெரும்பாலும் புள்ளி இல்லை. பருவ இறுதியில், முதற்படியையும் திருத்திய படியையும் சேர்த்துக் கோவையாக ஒப்படைக்க வேண்டும். இரண்டுக்கும் இடையில் மாணாக்கர் எவ்வளவு தூரம் நடந்துள்ளார் என்பதற்கும், பிறர் கதைகளுக்கு எத்துணைக் கரிசனையோடு கடிதம் எழுதினார் என்பதற்குமே புள்ளிகள் மிகுதியாகச் செல்லும்.

பயிற்சிகளும் கொடுப்பர். இருவர் சண்டையிட வேண்டும், சண்டைக்குக் காரணம் யாதென்று இருவரும் சொல்லக்கூடாது என்பது போல. இவற்றுட் புகழ்பெற்ற பயிற்சியொன்று ஜோன் கார்ட்னருடையது. அவர் நாவலாசிரியர், பல்லாண்டு எழுத்துக் கற்பித்தவர், 1982இல் விபத்தொன்றில் மறைந்தார். போரிலே மகனைப் பறிகொடுத்த ஒரு மனிதரின் கண்களுக்கு ஒரு தானியக் கொட்டகை எவ்வாறு தோன்றும் என்று எழுத வேண்டும். மகனையோ, போரையோ, மரணத்தையோ குறிப்பிடக் கூடாது. கொட்டகையை மட்டுமே எழுதலாம். இப்பயிற்சியை முதன்முறை படித்தபோது நான் நூலை மூடிவைத்துவிட்டுச் சிறிது நேரம் முற்றத்தில் நின்றேன். அமெரிக்க மாணாக்கர் கற்பனை செய்துபார்க்க வேண்டிய அம்மனிதர் நம் ஊர்களில் ஒழுங்கைக்கொருவர் இருக்கிறார். கொட்டகைக்குப் பதிலாக ஒரு சைக்கிளை வைத்தாற் போதும்.

இனி, நண்பரின் மகளைப் பற்றிக் கூறலாம். தகப்பனார் வேண்டா வெறுப்பாக இசைந்தபின் அவள் அவ்வகுப்பிற் சேர்ந்தாள். சில மாதம் கழித்து நண்பர் மறுபடியும் அழைத்தார். இம்முறை அவர் குரலில் இருந்தது கோபமன்று, கலக்கம்.

“அவள் எழுதினது என்ரை அம்மாவைப் பற்றி. எங்கடை வீட்டுக் கதையை ஏன் பிறத்தியாருக்குச் சொல்லுவான்?”

கதை 1995 ஒக்ரோபர் 30ஆம் நாளைப் பற்றியது. வலிகாமம் முழுவதும் ஓரிரவிற் பெயர்ந்து, மழையில் நனைந்து, நாவற்குழிப் பாலத்தின் வழியே தென்மராட்சிக்கு நடந்த நாள். நண்பரும் நானும் அப்பொழுது பள்ளிச் சிறுவர்கள். அவள் பிறந்தது அதற்கு எவ்வளவோ பின்னர், வேறொரு கண்டத்தில். வீட்டில் எவரும் அதைப் பற்றி முழுமையாகப் பேசியதில்லை. அங்கொன்றும் இங்கொன்றுமாகக் காதில் விழுந்தவற்றைச் சேர்த்தே அவள் எழுதியிருந்தாள். சன நெரிசல், மழை, குழந்தைகளின் அழுகை எல்லாம் பக்கம் பக்கமாக இருந்தன. நடுவிலே ஒரேயொரு வாக்கியம்: பாட்டி வீட்டைப் பூட்டி, திறப்பைச் சேலைத் தலைப்பில் முடிந்துகொண்டு புறப்பட்டார் என்று.

வகுப்பிலே இருந்தவர்களுள் தமிழர் வேறெவரும் இல்லை. பாலம் எங்கே இருக்கிறது என்பதும் அவர்களுக்குத் தெரியாது. ஆயினும், வந்திருந்த கடிதங்களிற் பெரும்பாலானவை அந்த ஒரு வாக்கியத்தையே பிடித்துக்கொண்டன. சன நெரிசலைப் பற்றி எவரும் கேட்கவில்லை. திறப்பு என்னவாயிற்று என்றே கேட்டனர். எழுதியவள் பேசலாகாது என்ற விதி அன்று அவளுக்கு உதவியாயிற்று. ஏனெனில், அவளுக்கு விடை தெரியாது.

அன்றிரவு அவள் தகப்பனாரைக் கேட்டாள். அவர் பதில் சொல்லாமல் எழுந்து போய்விட்டார். அடுத்த ஞாயிற்றுக்கிழமை தாமாகவே சொன்னார். 1996இல் மீண்டும் ஊருக்குத் திரும்பியபோது, பாட்டியார் படலையடியிலேயே முடிச்சை அவிழ்த்துத் திறப்பைக் கையில் எடுத்துக்கொண்டு உள்ளே நடந்தாராம். வீடு இருந்தது, கதவு இல்லை. நிலையோடு பெயர்த்துக்கொண்டு போயிருந்தார்கள். அந்தத் திறப்பை அவர் எறியவில்லை. அவர் காலமானபின் அது மகனிடம் வந்தது. இன்றும் ஸ்காபுறோவில் அவர்கள் வீட்டு மேசை லாச்சியில், தபால் முத்திரைகளுக்கும் பழைய மூக்குக் கண்ணாடிக்கும் நடுவே அது கிடக்கிறது. சிறு வயதிலிருந்து எத்தனையோ முறை மகள் அதைக் கையில் எடுத்திருக்கிறாள். எதற்குரிய திறப்பு என்று கேட்டதில்லை.

அவள் கதையை அடியிலிருந்து மீண்டும் எழுதினாள். எட்டுப் பக்கம் நான்காகக் குறைந்தது. அவளுக்கு எத்தனை புள்ளி கிடைத்தது என்று நண்பர் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

அவ்வகுப்பு அவளுக்கு எதைக் கற்பித்தது? பாட்டியாரைக் கற்பிக்கவில்லை, இடப்பெயர்வைக் கற்பிக்கவில்லை, மொழியைக்கூட மிகுதியாகக் கற்பிக்கவில்லை. தான் எழுதியவற்றுள் எது உயிருள்ளது என்பதை, தன்னை அறியாத பன்னிரண்டு பேரின் கண்களினூடாகக் காண வைத்தது. இதனைத் தனியே அறையிலிருந்து எழுதுபவர் தாமாகக் கண்டுகொள்ளப் பல ஆண்டுகள் செல்லும். சிலர் காணாமலே போய்விடுவர்.

வீட்டுக் கதையை வெளியே சொல்லலாமா என்ற நண்பரின் வினாவை நான் அலட்சியம் செய்யவில்லை. புள்ளிகளையும் பணத்தையும் பற்றிய கேள்விகளைவிட இதுவே கனமானது. வகுப்பிற் படிக்கப்படும் கதைகள் அச்சேறுவதில்லை. அங்கு பேசியது அங்கேயே நிற்க வேண்டும் என்பதும் பொதுவான ஒழுக்கம். இருந்தாலும், இறந்தவர்களுக்கும் ஒரு மானம் உண்டு. உயிரோடிருப்பவர்களுக்குப் பயங்களும் உண்டு. கேட்டு எழுதுவது வேறு, கேளாமல் எழுதுவது வேறு என்று அவளிடம் சொல்லச் சொன்னேன். அவளோ ஏற்கனவே கேட்டுவிட்டாள். இத்தனை ஆண்டுகளிற் கேட்கப்படாதிருந்த கேள்வியை அல்லவா கேட்டாள்!

பட்டறையின் குறைகளையும் மறைத்தல் தகாது. எல்லா அவையும் இத்துணை நல்லவையாக அமைவதில்லை. பிட்டு என்றால் என்ன, சித்தப்பா என்றால் யார் என்று வரிக்கு வரி விளக்கம் கேட்கும் வாசகர் முன்னிலையில் எழுதும் பிள்ளை, நாளடைவில் அவர்களுக்காகவே எழுதத் தொடங்கிவிடும் அபாயம் உண்டு. கதையில் மாம்பழமும் மழையும் பாட்டியும் மட்டும் மிஞ்சும். கொரியாவிற் பிறந்து அமெரிக்காவில் வளர்ந்த மத்தியூ சலசஸ் என்னும் எழுத்தாளர் 2021இல் வெளியிட்ட நூலொன்றில், எழுதியவர் வாய் மூடியிருக்க வேண்டும் என்ற விதியையே குற்றங் கூறுகிறார். கதை கேட்கும் மரபு ஒவ்வொரு மக்களுக்கும் வேறு. ஒரு மரபினரின் சுவையைப் பொது இலக்கணம் என்று கொண்டு, மற்றவரை மௌனமாக இருத்திவைப்பது அநீதி என்பது அவர் கருத்தின் சாரம். இப்பொழுது பல வகுப்புகளில் எழுதியவரே முதலிற் கேள்விகளை முன்வைக்கும் முறை வந்துவிட்டது. எனக்கு இரண்டிலும் பாதிப் பாதி உடன்பாடு. சிறிது நேரமாவது வாய் மூடியிருப்பது எவருக்கும் கேடு செய்யாது; பருவம் முழுவதும் மூடியிருப்பது வேறு விடயம்.

சன்ட்ரா சிஸ்னெரோஸ் கதை இவ்விடத்திற் சொல்லத் தக்கது. மெக்சிக்கோ வழிவந்த ஏழைக் குடும்பத்திற் பிறந்து சிக்காகோவில் வளர்ந்தவர் அவர். 1970களின் பிற்பகுதியில் அயோவாவிற் படித்தபோது, ஒரு நாள் வகுப்பில் வீடு என்பதைப் பற்றிய உரையாடல் நடந்தது. உடன் படித்தவர்கள் மேல்மாடங்களையும் நிலவறைகளையும் பற்றிப் பேசினர். தமது வாழ்க்கையில் அத்தகைய வீடே இருந்ததில்லை என்று உணர்ந்த அவருக்கு முதலில் நாணமும் பின்னர் சினமும் உண்டாயின. அவர்கள் எழுத முடியாத வீடு ஒன்று தம்மிடம் இருக்கிறது என்பது அப்பொழுதுதான் அவருக்குப் பிடிபட்டது. அங்கே முளைத்த ‘மாங்கோ தெருவில் ஒரு வீடு’ 1984இல் வெளிவந்து, இன்று அமெரிக்கப் பள்ளிகளிற் பாடநூலாக விளங்குகிறது. வகுப்பு அவருக்கு உதவிற்று என்பதா, வகுப்பை எதிர்த்ததே உதவிற்று என்பதா? இரண்டும் என்றே சொல்ல வேண்டும்.

இப்பாடம் துணையாக இருப்பதே நன்று என்று முன்னர் கூறினேன். காரணம் எளியது. எழுதக் கற்பவருக்கு எழுதுவதற்கு ஏதேனும் வேண்டும். நான்காண்டும் எழுத்தைப் பற்றியே எழுதிக்கொண்டிருப்பவர், உலகைக் காணச் சாளரம் இல்லாத அறையில் இருப்பவரை ஒப்பர். உளவியல் படிப்பவளுக்கு நோயாளர் உண்டு. மண்ணியல் படிப்பவருக்கு மண் உண்டு. கணக்கியல் படிப்பவருக்கு மனிதரின் பேராசை முழுவதும் பேரேட்டிலேயே உண்டு. செக்கோவ் வைத்தியராக இருந்தார். நமது காலத்தில், ‘ஒரு சிறு திருமணத்தின் கதை’ என்று தமிழிற் சொல்லத்தக்க நாவலை 2016இல் ஆங்கிலத்தில் எழுதிய அனுக் அருட்பிரகாசம், கொலம்பியாப் பல்கலைக்கழகத்திற் கலாநிதிப் பட்டம் பெற்றது தத்துவத்தில். அவருடைய அடுத்த நாவல் 2021இல் புக்கர் பரிசின் இறுதிப் பட்டியலில் இடம்பெற்றது. ‘ஃபனி போய்’ எழுதிய ஷியாம் செல்வதுரை யோர்க் பல்கலைக்கழகத்தில் நாடகத்தோடு எழுத்தையும் பயின்றவர். வி. வி. கணேசானந்தனின் முதல் நாவல் ஹாவார்ட்டில் அவர் பட்டத்துக்காக எழுதிய ஒப்படையாகவே தொடங்கியது. பின்பு அயோவாவிற் படித்தார். 1980களின் யாழ்ப்பாணத்தைப் பற்றிய அவருடைய இரண்டாவது நாவலுக்கு 2024இற் பெண்களுக்கான புனைகதைப் பரிசு கிடைத்தது. வழி ஒன்றல்ல என்பதற்காகவே மூவரையும் சொன்னேன்.

பணத்தைப் பற்றிப் பெற்றோர் அறிந்திருக்க வேண்டியது ஒன்றுண்டு. துணைப் பாடம் என்றால் மேலதிகமாகப் பணம் கட்டும் தனியார் வகுப்பு என்று இங்குள்ளோர் நினைக்கின்றனர். அப்படியன்று. பட்டத்துக்கு எப்படியும் எடுத்தாக வேண்டிய வகுப்புகளுள் அவையும் சேரும். நம்மவர் பிள்ளைகள் பலர் படிக்கும் ரொறன்ரோப் பல்கலைக்கழகத்தின் ஸ்காபுறோ வளாகத்தை எடுத்துக்கொண்டால், பட்டத்துக்கு 20 அலகுகள். துணைப் பாடமொன்றுக்கு 4. முதன்மைப் பாடம் ஒன்றை மட்டும் எடுப்பவர், அதனோடு துணைப் பாடம் இரண்டை எடுத்தே தீர வேண்டும் என்பது அங்குள்ள விதிகளுள் ஒன்று. அவ்விரண்டுள் ஒன்றாக ஆக்க எழுத்தைக் கொள்ளவும் அங்கே இடமுண்டு. ஆகவே, ‘எடுப்பதா விடுவதா’ என்பது பல வேளைகளிற் கேள்வியே அன்று. ‘எதை எடுப்பது’ என்பதே கேள்வி. ஆனால், வைத்தியம் போன்ற துறைகளுக்கு நுழைய விரும்புவோர், அதற்கு வேண்டிய விஞ்ஞான வகுப்புகளுக்கு நேரம் மோதாதவாறு முன்கூட்டியே அட்டவணையைப் பார்த்துக்கொள்ளல் வேண்டும். மேல்நிலைப் பட்டறைகளுக்குப் பல இடங்களில் எழுத்து மாதிரி கேட்பர். அதனை ஓரிரவில் எழுதிக் கொடுக்க நினைப்பவர் ஏமாறுவர்.

உத்தியோகத்துக்கு உதவுமா என்றால், நேரடியாக அல்ல. வைத்தியரின் குறிப்பும், பொறியியலாளரின் அறிக்கையும், நிறுவனத்தின் விண்ணப்பமும் பிறர் படித்து விளங்கவே எழுதப்படுகின்றன. அதற்கு இப்பழக்கம் உதவும். இதற்கு மேல் உறுதி கூறுபவர் விளம்பரம் செய்கிறார் என்று கொள்க.

இப்பொழுது இயந்திரமே கதை எழுதித் தருகிறதே என்று மாணவரொருவர் என்னைக் கேட்டார். தருகிறது, பிழையின்றியும் தருகிறது. சன நெரிசலையும் மழையையும் அது எட்டுப் பக்கம் எழுதிவிடும். லாச்சியிற் கிடக்கும் திறப்பைப் பற்றித் தகப்பனாரிடம் அது கேட்கப்போவதில்லை.

இங்கே இருக்கும் மாணாக்கருக்கு ஸ்காபுறோவோ அயோவாவோ கைக்கெட்டாது. ஆயின், அம்முறைக்கு வேண்டிய பொருள்கள் மிகச் சிலவே. எழுத விருப்பமுள்ள ஆறேழு பேர், கதையை நிழற்படப் பிரதியெடுக்கச் சிறிது பணம், மாலையில் ஒரு மணித்தியாலத்துக்கு வாசிகசாலையின் பின்னறை. முதலாவது கூட்டத்தில் எல்லாரும் புகழ்ந்து பேசுவர். இரண்டாவதில் எவரேனும் கோபித்துக்கொள்வர். மூன்றாவதிலிருந்தே வேலை தொடங்கும். புகழ்ச்சிக்கு ஒரு விதி வைத்துக்கொள்ளலாம்: ‘நன்றாக இருக்கிறது’ என்று யாரும் சொல்லலாகாது, எந்த வரி, ஏன் என்று சொல்ல வேண்டும். அடுத்த கிழமை யாருடைய முறை என்பதையும் எழுந்து போகுமுன் பெயர் குறித்துத் தீர்மானித்துவிடல் நன்று. இல்லாவிடின், எல்லாரும் மற்றவருடைய கதையை எதிர்பார்த்து வெறுங்கையோடு வந்து, தேநீர் குடித்துவிட்டுக் கலைந்து போவர்.